சந்தை நாள் வரைக்கும்

லீடர் யார்மேலும் கை ஓங்கி நான் பார்த்ததில்லை. கெட்ட வார்த்தை பேசியும் கேட்டதில்லை. பீடி கிடையாது, பொடி கிடையாது. ஹாஸ்டலில் எவனுக்காவது காய்ச்சல் வந்தால் தன் கம்பளியை எடுத்து அவனுக்குப் போர்த்திவிட்டு, தான் கோணிச் சாக்கில் சுருண்டுகொள்வார். எங்கள் அறுபது பேருடைய ஊர், அப்பா பெயர், வீட்டில் எத்தனை மாடு, எவனுடைய அக்காவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகளே, கெடுதல் செய்கிறவன் முறுக்கு மீசையும் சிவந்த கண்ணுமாகத்தான் வருவான் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயரை எழுத மாட்டேன். பெரிய இடத்துக்குப் போய்விட்டவர். ஊர்ப் பெயரும் வேண்டாம். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டினத்துக்கும் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடுகிற ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதுகளின் ஆரம்பத்தில் நான் கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்து அங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பள்ளிக்கூடத்து மாணவர் தலைவராக ஒரு தடவை ஜெயித்தார். அன்றிலிருந்து வாத்தியார்கள்கூட அவரை லீடர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை போய்விட்டார். தோற்றுப்போனார் என்று நாங்கள் யாரும் சொன்னதில்லை. எங்களுக்காக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டோம்.

அவரிடம் ஒரு திறமை இருந்தது. எந்தக் காரியத்துக்கு எந்த ஆளை முன்னால் தள்ளவேண்டும் என்று அவருக்குத் தெரியும். சந்தையில் மாட்டுத் தரகன் பல்லைப் பார்ப்பதுபோல் ஆளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு நம்மேல் விழாதா என்று ஏங்குவோம்.

ஒருநாள் களிக்கு ஊற்றிய சாற்றில் புழு மிதந்தது. பெரிய பையன்கள் தட்டை எடுத்துக்கொண்டு வார்டனிடம் சண்டைக்குக் கிளம்பினார்கள். லீடர் தடுத்தார்.

"இருங்கடா. நீங்க போனா அடி வுழும். டேய், அந்தப் பொடியனைக் கூப்பிடு, இருமிக்கினே கிடப்பானே, அவனை."

பொடியன் வந்தான். முதல் ஃபாரம், அதாவது ஆறாம் வகுப்பு, படிக்கிறவன். தட்டு அவன் மார்பைவிட அகலம்.

"கண்ணு, நீ ஒண்ணும் பேச வேணாம். வார்டன் முன்னால நின்னு ஒரு வாய் தின்னு. அவ்ளோதான்."

"புழு இருக்குதுங்கண்ணா."

"அதோடதாண்டா."

பொடியன் போனான், தின்றான், வார்டன் காலடியிலேயே வாந்தி எடுத்தான். மறுநாளிலிருந்து சாறு நன்றாக இருந்தது. பொடியனை லீடர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஹாஸ்டலைச் சுற்றி வந்தார். நாங்கள் கைதட்டினோம். அவனுக்கு ஒரு வாரம் வயிறு சரியில்லை. அதை யார் நினைத்தோம்?

இன்னொரு தடவை. பள்ளிக்கூடத்து முன்னால் பஸ் நிற்பதில்லை என்று ரோட்டை மறித்தோம். போலீஸ் வரும் என்று தெரியும். லீடர் வரிசை வரிசையாக ஆள் நிறுத்திக்கொண்டு வந்தார். நான் முன் வரிசையில் போய் நின்றேன். என் சட்டையைப் பார்த்தார்.

"மாது, நீ பின்னாடி போ."

"ஏங்கண்ணா?"

"காக்கிச் சட்டை போட்டுக்கினு வந்துட்டே. டேய் சின்னசாமி, நீ இங்க வா."

சின்னசாமி பொங்கலுக்குத் தைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"அண்ணா, இது புதுசுங்கண்ணா. கிழிஞ்சா எங்கம்மா கொன்னுடும்."

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். வெள்ளையிலதான்டா நல்லா தெரியும்."

என்ன தெரியும் என்று அவன் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் லத்தி அவன் புருவத்தைப் பிளந்தபோது எல்லோருக்கும் தெரிந்தது. லீடர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். சாயங்காலம் அந்தச் சட்டையை ஒரு மூங்கில் கழியில் மாட்டி ஹாஸ்டல் வாசலில் நட்டுவைத்தார். சந்தைக்கு வந்த சனமெல்லாம் பார்த்து உச்சுக்கொட்டியது. அடுத்த வாரம் பஸ் நின்றது. அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். ஏன் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தோம் என்று.

இப்போது ரத்தினத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ரத்தினம் என் பக்கத்துப் பாய்க்காரன். ஓசூர்ப் பக்கம் சானமாவுக் காட்டோரத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு. அப்பா இல்லை. கேழ்வரகுக் காவலுக்குப் போனவரை யானை மிதித்துவிட்டது. ஒரே பிள்ளை. வகுப்பில் முதல். ஆள் கேழ்வரகுத் தட்டை மாதிரி இருப்பான். வருஷத்தில் இரண்டு தடவை குளிர்காய்ச்சல் வந்து கிடப்பான். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். என்னால் முடியாது என்று புத்தகத்தை மூடினால், "மூடினா மட்டும் புரிஞ்சுடுமாடா?" என்பான்.

அந்த வருஷம் பங்குனியில் ஹாஸ்டலை மூடப்போவதாக உத்தரவு வந்தது. எங்களைப் போன்ற தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் இல்லையென்றால் படிப்பு இல்லை. ஏர் பிடிக்கப் போகவேண்டியதுதான். லீடர் உண்ணாவிரதம் என்றார். இருபது பேர் கையைத் தூக்கினோம். என்னைப் பார்த்து முதலில் சிரித்துவிட்டார்.

"நீ பத்து நாள் பட்டினி கிடந்தாலும் பிள்ளையாராட்டந்தான் இருப்பே. எவன் அழுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கண் ரத்தினத்தின்மேல் நின்றது. ரத்தினம் கையே தூக்கவில்லை.

"ரத்தினம், நீ ஒக்காருடா. மூணே நாள்தான். உப்புப் போட்டு எலுமிச்சந் தண்ணி குடுத்துக்கினே இருப்போம். மூணா நாள் சர்க்கார் எறங்கி வந்துடும்."

"எனக்குப் பரீட்சை இருக்குதுங்கண்ணா."

"ஹாஸ்டல் போச்சுன்னா பரீட்சை எழுதி என்னடா பண்ணுவே?"

ரத்தினம் சரியென்று தலையாட்டினான். அவன் போன பிறகு லீடர் என்னிடம் மட்டும் சொன்னார்: "அப்பன் இல்லாத புள்ளை. படிக்கிற புள்ளை. தெலுங்கு வேற. இவன் ஒக்காந்தா மூணு பாஷைக்காரனும் அழுவான், பாரு." அதை என்னிடம் மட்டும் சொன்னாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை காலையில் சந்தைத் திடலை ஒட்டித் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு அவனை உட்கார வைத்தோம். பக்கத்தில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு நான். வருகிறவர்கள் பெயரை எழுதுவதும், மணிக்கு ஒரு தடவை எலுமிச்சந் தண்ணீர் கொடுப்பதும் என் வேலை. முதல் நாள் ரத்தினம் சரித்திரப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தான். வேடிக்கை பார்க்க நாற்பது பேர்கூட வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் அம்மா வந்தார். புளி ஏற்றிய லாரியில் ஏறி வந்து இறங்கியவர். மகன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹாஸ்டல், உத்தரவு, சர்க்கார், எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவர்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்கு நெருப்பு மிதிக்கிறவர்கள் சோறு தின்னாமல் விரதம் இருப்பார்கள். மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டால், அதை அவிழ்க்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. நடுவில் விரதம் கெட்டால் உயிரைக் கேட்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அங்கே அது ஒரே நாள் விரதம். இதற்கு நாள் கணக்கு அவருக்கு யார் சொன்னார்கள்?

அவர் குளத்தில் முழுகிவிட்டு ஈரப் புடவையோடு வந்தார். மகனுடைய மணிக்கட்டில் காப்புக் கட்டினார். நான் நீட்டிய எலுமிச்சந் தண்ணீரை வாங்கி மண்ணில் ஊற்றினார்.

"காப்பு இல்லாம ஒக்கார வச்சீங்களே, அறிவு இருக்குதா உங்களுக்கு?" என்று எங்களைத் தமிழிலேயே திட்டினார்.

ரத்தினம் அவருக்குத் தெலுங்கில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை. லீடரைப் பார்த்தான். லீடருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர்பட்ட பாடு. ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் அந்த அம்மா கேட்டிருப்பார். லீடர் அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தெலுங்கில் சொன்னார்: "நீங்க கட்டினதுதாம்மா சரி. எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

எனக்கு அந்த அளவுக்குத் தெலுங்கு புரியும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தண்ணி இல்லாம எப்பிடிங்கண்ணா தாங்குவான்?"

"பெத்தவளைவிட நமக்கு அக்கறையாடா? அங்க பாரு."

பார்த்தேன். பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். மஞ்சளும் பூவுமாக வரிசையில் நின்று ரத்தினத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பந்தல் கொள்ளவில்லை. நோட்டில் பெயர் எழுத எனக்குக் கை வலித்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணி இருக்கும். தாலுகா ஆபீஸ் பியூன் சைக்கிளில் வந்து ஒரு கவரை என் கையில் கொடுத்து நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். பிரித்துப் படித்தேன். இங்கிலீஷில் டைப் அடித்திருந்தது. எல்லாம் புரியவில்லை. ஹாஸ்டலை மூடும் உத்தரவு கேன்சல் என்பது புரிந்தது. கீழே அன்றைய தேதி.

ஓடினேன். லீடர் பந்தலுக்குப் பின்னால் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கடிதத்தை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லீங்கண்ணா. ரத்தினத்துக்கிட்டத்தான் முதல்ல..."

"சொல்லாதே. இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இப்ப முடிச்சா யாரு பாப்பா? ஞாயித்துக்கிழமை சந்தை. சேலத்துல இருந்து கட்சித் தலைவர் வேற இந்தப் பக்கம் வர்றாரு. அவர் கையால சாறு குடிச்சு முடிக்கட்டும். எட்டு ஊரு சனம் பாக்கும்."

"அவனுக்கு நாக்கு உள்ள இழுக்குதுங்கண்ணா."

"நாளை ஒரு நாள்தான்டா. உன்னை நம்பித்தானே சொல்றேன்."

அவர் என் கன்னத்தைத் தட்டினார். நான் பந்தலுக்குத் திரும்பி வந்து ரத்தினத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னைப் பார்த்து, "ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டான்.

"வரலை" என்றேன்.

பிள்ளைகளே, அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். லீடர் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வந்தார். ரத்தினத்தின் நாக்கை வெளியே இழுத்துப் பார்த்தார். கையில் தோலைக் கிள்ளினார். கிள்ளிய இடம் கிள்ளினபடியே நின்றது. "டேய், இது வெளையாட்டு இல்லைடா. இப்பவே தண்ணி குடுங்க" என்று கத்தினார். லீடர் அவரைத் தோளில் கைபோட்டு அழைத்துப்போய் ஏதோ பேசினார். கம்பவுண்டர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் அந்த அம்மா அம்மன் கோயிலுக்குப் போயிருந்தார். நான் ஹாஸ்டல் சமையல்காரரிடம் கேட்டு, கேழ்வரகுக் கூழைத் தண்ணீராகக் கரைத்து, உப்புப் போட்டு, ஒரு சொம்பில் எடுத்துவந்தேன். ரத்தினத்தின் தலையை மடியில் வைத்து ஊற்றினேன். பாதி வழிந்தது. இரண்டு மடக்கு உள்ளே போனது. அவன் கண்ணைத் திறந்து, "இன்னும் குட்றா" என்றான். அதுதான் அவன் பேசிய கடைசிப் பேச்சு.

சொம்பு என் கையிலிருந்து பறந்தது. அந்த அம்மா. கையில் குங்குமம் அப்படியே இருந்தது. "கெடுத்துட்டியேடா பாவி, என் புள்ளையக் கெடுத்துட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டார். லீடர் ஓடி வந்தார். சட்டைப் பையில் அந்தக் கடிதம் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அம்மா, விரதம் நேற்றே முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருக்கலாம். "தேங்காய் ஒடைச்சு மன்னிப்புக் கேட்டுக்கலாம்மா. நாளைக்கு முறையா முடிப்போம்" என்றார். தேங்காய் வாங்கிவர என்னையே அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடியே எட்டு ஊர் சனம் கூடிவிட்டது. மாடு விற்க வந்தவன் மாட்டை மறந்துவிட்டு நின்றான். கன்னடத்தில் ஒரு கூட்டம், தெலுங்கில் ஒரு கூட்டம், தமிழில் ஒரு கூட்டம், மூன்றும் அழுதுகொண்டிருந்தன. லீடர் தன் கையாலேயே எலுமிச்சம் பழம் பிழிந்து கண்ணாடி டம்ளரில் சாறு தயாராக வைத்துக்கொண்டு நின்றார். தலைவருடைய கார் பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. டம்ளருக்கும் ரத்தினத்தின் வாய்க்கும் நடுவில் மூன்று முழம்கூட இருக்காது.

"அண்ணா, குடுத்துடலாங்கண்ணா" என்றேன்.

"கார் தெரியுதான்னு ரோட்டைப் பாரு."

நான் ரோட்டைப் பார்க்கப் போனேன். திரும்பி வரும்போது அந்த அம்மாவின் அலறல் கேட்டது.

லீடர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் சட்டையைக் கிழித்துக்கொண்டு அழுதார். தரையில் புரண்டார். நெற்றியைப் பந்தல் காலில் மோதிக்கொண்டார். ரத்தம் வந்தது. அந்த அழுகை வேஷம் என்று சொன்னால் உங்களுக்குப் புரிய எளிதாக இருக்கும். வேஷமில்லை. அவர் உண்மையாகத்தான் அழுதார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பயம்.

பிணத்தைத் தூக்குமுன் மாட்டுவண்டியில் ஏறி நின்று அந்தக் கடிதத்தை விரித்துக் காட்டினார். "என் தம்பி உயிரைக் குடுத்தான், சர்க்கார் பணிஞ்சுது!" என்றார். தேதி இருந்த இடத்தில் அவருடைய கட்டைவிரல். எட்டு ஊர் சனமும் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. அப்போதுதான் அந்த அம்மா கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கை காட்டினார்.

"இவன்தான். இவன் கூழு ஊத்தித்தான் என் புள்ளை போயிட்டான்."

நாலைந்து பேர் என் சட்டையைப் பிடித்தார்கள். ஒருத்தன் மாட்டுச் சாட்டையை ஓங்கினான். லீடர் வண்டியிலிருந்து குதித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"வுடுங்க அவனை! பாசத்துல பண்ணிட்டான். தெரியாமப் பண்ணிட்டான். இவனை யாரும் ஒண்ணும் பண்ணக்கூடாது."

கூட்டம் என்னை விட்டது. அவருடைய பெரிய மனசைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதது. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன்தான். பரீட்சை எழுதவில்லை. உங்கள் அப்பா ஏன் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கவில்லை என்று கேட்பீர்களே, இதுதான் காரணம்.

அதன் பிறகு லீடர் மேலே மேலே போனார். மேடையில் பேசக் கூப்பிட்டார்கள். மூன்று பாஷையிலும் பேசினார். சீக்கிரமே பஞ்சாயத்து போர்டு தலைவராக வந்தார். தேர்தல் கூட்டங்களில் அந்த அம்மாவை மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். ரத்தினத்தின் பெயரைக் கல்லில் வெட்டி ஹாஸ்டல் வாசலில் நட்டார். வருஷா வருஷம் பங்குனியில் அந்த அம்மாவுக்குப் புடவை கொடுத்துக் காலில் விழுவார். என்னை எங்கே பார்த்தாலும் தோளில் கை போட்டு, "எப்பிடிடா இருக்கே மாது?" என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர்களிடம் மெதுவாக, "பாவம், இவன்தான் அன்னிக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்.

நான்கு வருஷம் பொறுத்தேன். பிறகு ஒரு மார்கழி மாதம் சானமாவுப் பக்கம் போனேன். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை. அதனால்தான் நடந்ததை உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. அன்றைக்கு அவர் களத்தில் கேழ்வரகுக் கதிர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கழியை நிறுத்தினார். போ என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது, லீடர் பையில் வைத்துக்கொண்டது, ரத்தினம் கேட்டபோது வரவில்லை என்று நான் சொன்னது, சந்தை, கார், எல்லாம்.

அவர் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப எதுக்கு செத்தான் என் புள்ளை?"

"சந்தைக்குக் கூட்டம் வரணும்னுதாம்மா."

"அதுக்கா?"

"ஆமாம்மா."

அவர் தரையில் சிந்திக் கிடந்த கேழ்வரகைக் கையால் கூட்டிக் கூட்டி ஒரு குவியலாக்கினார். கூட்டினதையே திரும்பக் கூட்டினார்.

"அந்த ஹாஸ்டல்ல இப்பவும் புள்ளைங்க சோறு தின்னுதுங்க. என் புள்ளை பேரு கல்லுல இருக்குது. பொம்பளைங்க அதுக்குப் பூ வெக்கிறாங்க. நீ வந்து சந்தைக்குச் செத்தான்னு சொல்றே. அதை எங்க கொண்டுபோய் வெப்பேன் நைனா? எனக்கு வேணாம். நீயே எடுத்துக்கினு போயிடு."

"கூழால சாகலைம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் எழுந்து கழியைக் கையில் எடுத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"கூழாலதான் செத்தான். அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். நீ வயசுப் புள்ளை. தாங்குவே."

நான் சரி என்றேன். அவர் மறுபடியும் கதிர் அடிக்க ஆரம்பித்தார்.